கம்பைல் எங்கே விழுகிறது? சோர்ஸிலிருந்து கட்டும்போது வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

லினக்ஸில் ஒரு பேக்கேஜை சோர்ஸிலிருந்து, அதுவும் நம்ம சிபியுவுக்கு ஏற்ற ஆப்டிமைசேஷன் ஃபிளாக் (வேகம் கூட்டக் கம்பைலருக்குக் கொடுக்கும் தேர்வு) போட்டுக் கம்பைல் செய்ய ஆசைப்படுகிற பசங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் அரசு கொடுத்த லேப்டாப், இல்லையென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்த செகண்ட் ஹாண்ட் மெஷின். இந்த மாதிரி மெஷினில்தான் ஃபிளாக்கைச் சரியாகப் போட்டால் வித்தியாசம் தெரியும், இதில்தான் கம்பைல் பாதியில் விழவும் செய்யும். விழுந்தவுடன் எல்லாரும் ஃபிளாக்கை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள், ஒரு முழு நாள் அதிலேயே போய்விடுகிறது, கடைசியில் பார்த்தால் கோளாறு ஃபிளாக்கிலேயே இருக்காது.

அதனால் எதைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, வெறும் ஓ2 (ஓ0, ஓ1, ஓ2, ஓ3 என்று போகும் ஆப்டிமைசேஷன் மட்டங்களில் வழக்கமானது) மட்டும் போட்டால் இதே பேக்கேஜ் கட்டி முடிகிறதா? இரண்டு, மறுபடி ஓட்டினால் அதே கோப்பில், அதே வரியில் விழுகிறதா, இடம் மாறி விழுகிறதா? ஓ2விலும் விழுந்தால் உங்கள் ஃபிளாக் குற்றவாளி இல்லை. இடம் மாறி மாறி விழுந்தால் சோர்ஸும் குற்றவாளி இல்லை, கம்பைலரும் இல்லை, மெஷினைப் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு பதிலும் கையில் இருந்தால்தான் உதவும்.

இன்னொன்று. திரையில் கடைசியாகத் தெரியும் "மேக்: எரர் 2" என்கிற வரியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அதில் ஒரு தகவலும் கிடையாது. மேக் என்பது கோப்பு கோப்பாகக் கம்பைலரை ஓட்டும் கருவி; அதில் நான்கு ஜாப் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒரு ஜாப் விழுந்த பிறகும் மற்ற மூன்றும் தங்கள் வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும், அதனால் உண்மையான பிழை நூறு வரி மேலே கிடக்கும். வெளியீட்டை முழுக்க ஒரு கோப்பில் சேமித்து, அதில் "எரர்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி வருகிற முதல் இடத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஒரே ஜாப்பில் திரும்ப ஓட்டினால் பிழை கடைசியிலேயே வந்து நிற்கும்.

கன்ஃபிகர் ஓட்டியதுமே "சி கம்பைலர் கேனாட் கிரியேட் எக்ஸிக்யூட்டபிள்ஸ்" என்கிறது

கம்பைலரை அழித்துத் திரும்ப இன்ஸ்டால் செய்ய ஓடாதீர்கள். கன்ஃபிகர் (கட்டுவதற்கு முன் மெஷினைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்) என்ன செய்கிறது என்றால், நீங்கள் சிஃபிளாக்ஸ் என்ற மாறியில் ஃபிளாக்காகக் கொடுத்ததை அப்படியே எடுத்து ஒரு சின்ன வெற்று நிரலைக் கட்டிப் பார்க்கிறது. அது கட்டவில்லை, அவ்வளவுதான். ஏன் கட்டவில்லை என்பது அதே ஃபோல்டரில் இருக்கும் கன்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கும். அதன் கடைசிப் பகுதியைப் பார்க்காதீர்கள், அங்கே மாறிகளின் பட்டியல்தான் நீளமாக இருக்கும். பிழைச் செய்தியை அப்படியே தேடி, அது இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள்.

நான் பார்த்தவரை பாதிக்கு மேல் காரணம் ஒன்றுதான்: ஃபிளாக் வரிசையை யாரோ வாட்ஸ்அப்பிலோ ஒரு பிடிஎஃப்பிலோ அனுப்பியிருப்பார்கள், அதை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். வழியில் மைனஸ் குறி நீளமான கோடாக மாறியிருக்கும், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று மாதிரிதான், கம்பைலருக்கு அப்படி இல்லை, அது நீளக் கோட்டோடு வருவதை ஒரு கோப்பின் பெயர் என்று நினைத்து "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று சொல்லும். ஃபிளாக்கைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். அடுத்த காரணம், உங்கள் ஜிசிசி (லினக்ஸில் வழக்கமான கம்பைலர்) பழையதாக இருந்து, எந்த சிபியுவுக்காகக் கட்டுவது என்று சொல்லும் மார்ச் ஃபிளாக்கில் நீங்கள் கொடுத்த சிபியு பெயர் அதற்குத் தெரியாமல் இருப்பது. உதாரணத்துக்கு எக்ஸ்86-64-வி3 என்ற பெயர் 2021ல் வந்த ஜிசிசி 11 முதல்தான் புரியும்.

"நோ சச் ஃபைல்" என்று ஒரு ஹெடர் பெயரைச் சொல்லி நிற்கிறது

இது ஃபிளாக் சம்பந்தப்பட்டதே இல்லை. நூலகம் உங்களிடம் இருக்கிறது, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் உள்ள அதன் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லை. டெபியன், உபுண்டுவில் பெயரின் கடைசியில் "டெவ்" என்று வருவதை இன்ஸ்டால் செய்யுங்கள், இல்லையென்றால் ஆப்ட்டின் பில்டு-டெப் கட்டளையை அந்தப் பேக்கேஜின் பெயரோடு கொடுத்தால் தேவையானதெல்லாம் ஒரே தடவையில் வந்துவிடும். சோர்ஸைப் பிரிக்கும்போதே கோப்பு பாதியில் முடிந்துவிட்டது என்று வந்தால், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் டவுன்லோடு அறுந்திருக்கிறது; எஸ்எச்ஏ256 கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்குங்கள்.

"கில்டு" என்று ஒரு வார்த்தை, கூடவே சிசி1பிளஸ் என்ற பெயர்

மெமரி தீர்ந்துவிட்டது, கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிட்டது (சிசி1பிளஸ் என்பது ஜிசிசியின் சி++ பகுதி). உறுதிப்படுத்த டிமெஸேஜ் வெளியீட்டில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள், எந்தப் புரோசஸைக் கொன்றது, அது எவ்வளவு மெமரி பிடித்திருந்தது என்று எழுதியிருக்கும்.

சி++ நிரல் என்றால் ஒரு ஜாப்புக்கு 2 ஜிபி என்று கணக்கு வையுங்கள். 4 ஜிபி மெஷினில் நான்கு கோர் இருக்கிறதே என்று நான்கு ஜாப் கொடுத்தால் அது தாங்காது, இரண்டு கொடுக்கலாம், பிரவுசரை மூடிவிட்டு. சி நிரலுக்கு இவ்வளவு வேண்டாம், அதில் கோர் எண்ணிக்கைக்கே போகலாம். மேக்கில் ஜே என்று எழுதிவிட்டு எண்ணை மறந்துவிட்டால் அது "வரம்பே இல்லை" என்று அர்த்தம், இருக்கிற கோப்பையெல்லாம் ஒரே நேரத்தில் கம்பைல் செய்யக் கிளம்பும், மெஷின் உறைந்துபோய் மௌஸ் கூட நகராது. இதை நிறைய பேர் "ஹேங் ஆகிவிட்டது, ஓ3தான் காரணம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஜாப்பைக் குறைத்தும், கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் கடைசி லிங்க் கட்டத்தில் விழுகிறது என்றால் எல்டிஓ (லிங்க் செய்யும்போது மொத்த நிரலையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்வது) போட்டிருக்கிறீர்களா, டீபக் தகவல் சேர்க்கும் ஜி ஃபிளாக் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் லிங்கரின் மெமரியை ஏகத்துக்கும் ஏற்றிவிடும். எல்எல்விஎம் (இன்னொரு கம்பைலர் தொகுப்பு) கட்டுகிறவர்களுக்கு அதன் சிமேக்கில் (பில்டை அமைக்கும் கருவி) லிங்க் ஜாப்பை மட்டும் ஒன்றாகக் குறைக்கத் தனித் தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்வாப் கோப்பு (ரேம் நிரம்பினால் வட்டில் இடம் கொடுப்பது) ஒன்று, முடிந்தால் இசட்ரேம் (ரேமிலேயே சுருக்கி வைப்பது) ஒன்று, இரண்டும் போட்டு வைப்பது இந்த லேப்டாப்களுக்கு அவசியம் என்றே சொல்வேன். வட்டு இன்னும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் இசட்ரேமை முதலில் போடுங்கள், ஹார்டு டிஸ்க் ஸ்வாப்பில் இறங்கிவிட்டால் கம்பைல் நகரவே நகராது.

"செக்மென்டேஷன் ஃபால்ட்", ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோப்பில்

இதில்தான் நேரம் அதிகம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பைலர் ஒரு கோப்பை எடுத்தால் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். அதே சோர்ஸ், அதே ஃபிளாக், அதே ஜிசிசி என்றால் நூறு தடவை ஓட்டினாலும் ஒரே முடிவு வர வேண்டும். நேற்று ஒரு கோப்பில் விழுந்தது இன்று அதைத் தாண்டி வேறொன்றில் விழுகிறது என்றால், கம்பைலருக்குக் கீழே ஏதோ ஆட்டம் காண்கிறது. ஜிசிசியே சில டிஸ்ட்ரோக்களில் விழுந்த கோப்பைத் தானாகத் திரும்ப ஓட்டிப் பார்த்து, பிழை திரும்ப வரவில்லை, ஹார்டுவேர் அல்லது ஓஎஸ் கோளாறாக இருக்கலாம் என்று எழுதிவிடும். அந்த வரியை நம்புங்கள்.

நம்ம ஊரில் முதல் சந்தேகம் சூடு. ஏப்ரல், மே மாதம் தர்மபுரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு எல்லாக் கோரையும் நூறு சதவீதத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுவது என்பது லேப்டாப்புக்குப் பெரிய சோதனை. ஓசூர் மேட்டில் இருப்பதால் அங்கே ஓடுகிற அதே மெஷின் இங்கே வந்தால் திணறும். சென்ஸார்ஸ் கட்டளையைப் பக்கத்து டெர்மினலில் ஓடவிட்டு, அதில் "கிரிட்" என்று காட்டும் எல்லையோடு ஒப்பிடுங்கள். அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகிறதென்றால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். எச்சரிக்கை இல்லாமல் அணைந்த மெஷினைப் பார்த்து பேட்டரி போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஃபேனைத் திறந்து பாருங்கள். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறைகளுக்கு அருகில் வீடு இருக்கிறவர்கள் மெஷினில் காற்று வெளியேறும் தகட்டுக்கு உள்பக்கம் மாவு மாதிரி தூசு அடைத்திருப்பதைப் பார்க்கலாம், வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, கழற்றித்தான் எடுக்க வேண்டும். கூடவே தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிடுங்கள்.

உடனே கழற்ற முடியாது, இன்றைக்கே பில்டு முடிய வேண்டும் என்றால் டர்போவை அணைத்து வையுங்கள். இன்டெல் மெஷினில் பி-ஸ்டேட் டிரைவரின் நோ-டர்போ கோப்பில் 1 என்று எழுதினால் போதும், ரூட் அனுமதி வேண்டும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே குறையும். ஜாப் எண்ணிக்கையைக் குறைப்பதைவிட இது நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். இல்லையென்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓட்டுங்கள்.

சூடு சரியாக இருக்கிறது, ஆனாலும் இடம் மாறி விழுகிறது என்றால் ரேம். கூடுதலாக ஒரு ரேம் வாங்கிப் போட்ட மெஷின் என்றால் சந்தேகம் இன்னும் கூடும், வேறு வேறு வேகமுள்ள இரண்டு ரேம் சில மெஷினில் ஒத்துப்போகாது. மெம்டெஸ்ட்86+ என்பதை யுஎஸ்பியில் போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். 2022ல் வந்த ஆறாம் பதிப்பு முதல் யுஇஎஃப்ஐ மெஷினிலும் அது ஓடும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான், "ஒன்றுதானே" என்று விடாதீர்கள். அடுத்து ஒரு ரேமைக் கழற்றிவிட்டு மற்றதில் மட்டும், பிறகு மாற்றிப் போட்டு என்று பாருங்கள், எது கெட்டது என்று தெரிந்துவிடும். சிபியுவே காரணமாக இருப்பது அபூர்வம், ஆனால் நடக்காததில்லை: 2017ல் வந்த முதல் தலைமுறை ரைசனில் சில சிப்கள் லினக்ஸில் கனமான கம்பைலின்போது இப்படி இடம் மாறி விழுந்தன, ஏஎம்டி நிறுவனமே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது.

ரேம் கெட்ட மெஷினில் கம்பைல் "எப்படியோ" முடிந்துவிட்டாலும் அந்த பைனரியை வைத்துக்கொள்ளாதீர்கள். கம்பைலர் விழுந்தால் உங்களுக்குத் தெரிகிறது, ஒரு பிட் மாறி ஆப்ஜெக்ட் கோப்பில் (ஒரு சோர்ஸ் கோப்பு கம்பைல் ஆகி வருவது) உட்கார்ந்துவிட்டால் தெரியவே தெரியாது.

"இன்டர்னல் கம்பைலர் எரர்", எப்போதும் அதே கோப்பில், அதே வரியில்

இது உண்மையிலேயே கம்பைலர் கோளாறு. மெஷினைச் சுத்தம் செய்ய வேண்டாம். வெர்போஸ் முறையில் ஓட்டினால் அந்தக் கோப்புக்கான முழுக் கட்டளை தெரியும் (பில்டு கருவியைப் பொறுத்து: ஆட்டோடூல்ஸில் வி=1, சிமேக்கில் வெர்போஸ்=1, நிஞ்சா என்றால் வி). அந்த ஒரு கட்டளையை மட்டும் நகலெடுத்து, ஓ3 இருந்த இடத்தில் ஓ2 அல்லது ஓ1 போட்டு அதே ஃபோல்டரில் ஓட்டுங்கள், பிறகு மேக்கைத் தொடருங்கள். ஒரு கோப்புக்காக மொத்த பேக்கேஜின் ஃபிளாக்கையும் இறக்க வேண்டியதில்லை. ஜிசிசியின் அடுத்த சின்னப் பதிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், இந்த வகைப் பிழை பெரும்பாலும் அதில் சரியாகியிருக்கும். சரியாகவில்லை என்றால் ரிப்போர்ட்-பக் ஃபிளாக் போட்டு ஓட்டி, அது தரும் கோப்போடு ஜிசிசி பக்ஸில்லாவில் பதிவு செய்யுங்கள், நம்ம ஊரிலிருந்தும் அந்த வேலை நடக்கட்டும்.

கரண்ட் போய் வந்த பிறகு லிங்க் ஆகவில்லை

"அண்ணா, நேத்து பாதி முடிஞ்சிருந்துச்சு, கரண்ட் போய் வந்ததுல இருந்து ஃபைல் ஃபார்மேட் நாட் ரெகக்னைஸ்டுன்னு சொல்லுது, சோர்ஸ்ல கையே வைக்கல" என்று அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பேட்டரி செத்த லேப்டாப்பை நேராக பிளக்கில் வைத்து ஓட்டுகிற எல்லாருக்கும் இது ஒரு நாள் வரும்.

நடந்தது இதுதான். நீங்கள் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் மேக் பாதியில் இருந்த கோப்பை அழித்துவிட்டுத்தான் வெளியேறும். கரண்ட் போனால் அதற்கு நேரம் ஏது? கோப்பின் பெயர் வட்டில் பதிவாகியிருக்கும், உள்ளடக்கம் இன்னும் இறங்கியிருக்காது, திரும்ப ஆன் செய்தால் பூஜ்ஜிய பைட்டில் ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு உட்கார்ந்திருக்கும். மேக் கோப்பின் நேரத்தை மட்டும்தான் பார்க்கிறது, சோர்ஸைவிடப் புதியதாக இருக்கிறதே, சரி, முடிந்த வேலை என்று அதைத் தாண்டிப் போய்விடும். பூஜ்ஜிய அளவுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளை ஃபைண்ட் வைத்துத் தேடி அழித்தால் பெரும்பாலும் சரியாகும். பாதி எழுதப்பட்ட கோப்புகளும் இருக்கலாம் என்பதால் சின்ன பேக்கேஜ் என்றால் மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்தே போய்விடுங்கள். பெரிய பேக்கேஜைப் பல நாளாகக் கட்டுகிறவர்கள் சிகேஷ் போட்டுக்கொள்ளுங்கள், முன்பே கம்பைல் ஆனதை அது எடுத்துக் கொடுத்துவிடும், முதலிலிருந்து ஓட்டுவது அவ்வளவு வலிக்காது.

இதோடு ஒட்டிப் பிறந்தது "கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்" என்ற எச்சரிக்கை. பழைய மெஷினில் சிமோஸ் பேட்டரி தீர்ந்திருக்கும், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும், நேற்று கட்டிய கோப்பெல்லாம் எதிர்காலத்தில் இருப்பதாக மேக் நினைக்கும். அதை வெறும் எச்சரிக்கை என்று விடாதீர்கள், கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டுவிடும், மாற்றிய சோர்ஸ் பைனரியில் ஏறாது. தேதியைச் சரி செய்துவிட்டு மேக் கிளீன் கொடுங்கள். பேட்டரி டெஸ்க்டாப்பில் சிஆர்2032 என்ற நாணய அளவு செல்தான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

எல்டிஓ போட்டதிலிருந்து "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" மழையாகப் பொழிகிறது

எல்டிஓவில் ஆப்ஜெக்ட் கோப்புக்குள் இருப்பது உண்மையான மெஷின் கோடு இல்லை, கம்பைலரின் இடைநிலை வடிவம். ஆப்ஜெக்ட் கோப்புகளை நூலகமாகக் கட்டும் சாதாரண ஏஆர் கருவிக்குச் சில மெஷினில் அது புரியாது, பிளகின் வேண்டும் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வெற்று அட்டவணையோடு ஸ்டேடிக் நூலகத்தைக் கட்டிவிடும், பிறகு லிங்கர் ஒன்றையும் காணோம் என்று புலம்பும். ஏஆர், ரான்லிப், என்எம் மூன்றுக்கும் பதிலாக ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-ரான்லிப், ஜிசிசி-என்எம் என்று கன்ஃபிகருக்குச் சொல்லுங்கள். ஜிசிசியைப் புதுப்பித்த பிறகு "எல்டிஓ வெர்ஷன் ஒத்துப்போகவில்லை" என்று வந்தால் பழைய ஸ்டேடிக் நூலகம் எங்கோ மிச்சம் இருக்கிறது, அதைத் திரும்பக் கட்டுங்கள். ஜிசிசியில் கட்டிய எல்டிஓ கோப்பையும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் கட்டியதையும் கலக்கவே முடியாது.

கட்டி முடிந்தது, ஓட்டினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"

மார்ச் நேட்டிவ் என்றால் "இந்த மெஷினில் இருக்கிற சிபியுவில் என்னென்ன கட்டளை உண்டோ அத்தனையும் பயன்படுத்து" என்று அர்த்தம். புது மெஷினில் கட்டிப் பழைய மெஷினுக்கு நகலெடுத்தால் இதுதான் நடக்கும். கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்கள் இப்போது தமிழ் சப்டைட்டிலுக்காக விஸ்பர்.சிபிபி (பேச்சை எழுத்தாக்கும் நிரல்) கட்டுகிறார்கள், அது இயல்பாகவே நேட்டிவ் ஃபிளாக்கோடுதான் கட்டும், நீங்கள் எதுவும் போட வேண்டியதில்லை. ஓசூரில் புது மெஷினில் கட்டியதை பென்னாகரத்தில் இருக்கும் பழைய பென்டியத்தில் போட்டால் முதல் நொடியிலேயே விழும்.

ஏவிஎக்ஸ்2 (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் சிபியு கட்டளைகள்) என்பது இன்டெலில் 2013ன் ஹாஸ்வெல் முதல் உண்டு என்று படித்துவிட்டு "என்னுடையது அதற்குப் பிந்தையதுதானே" என்று குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பென்டியம், செலரான் என்ற பெயரில் வந்த சிப்களில் அதற்குப் பிறகும் பல வருடம் ஏவிஎக்ஸே இல்லை, வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ப்ராக் சிபியுஇன்ஃபோவில் ஃபிளாக்ஸ் வரியைப் பாருங்கள். கிளிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.33க்குப் பிந்தைய டிஸ்ட்ரோ என்றால், எல்டி-லினக்ஸ் லோடரை ஹெல்ப் தேர்வோடு ஓட்டினால் வி2, வி3, வி4 என எந்த மட்டம் வரை இந்த மெஷின் தாங்கும் என்று அதுவே சொல்லிவிடும். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்தால் அங்கே தெரிவதுதான் கணக்கு, வெளியே இருக்கும் சிபியு இல்லை.

பல மெஷினுக்கு ஒரே பைனரி வேண்டுமென்றால் எல்லாவற்றிலும் பழையது எந்த மட்டமோ அதை மார்ச்சில் கொடுங்கள், எம்-டியூனில் மட்டும் புது சிபியுவின் பெயரைக் கொடுக்கலாம். டியூன் என்பது இருக்கிற கட்டளைகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை மட்டும் மாற்றும், புதுக் கட்டளை எதையும் சேர்க்காது, அதனால் எங்கேயும் விழாது. விஸ்பர்.சிபிபியில் நேட்டிவ் தேர்வை அணைத்தாலும், ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ என்ற தனித் தேர்வுகள் ஆன் ஆகியிருக்கின்றனவா என்று சிமேக் கேஷில் பார்த்து அவற்றையும் அணையுங்கள்.

எல்லாவற்றையும் பழைய மட்டத்துக்கு இறக்குவதற்கு முன் ஒரு நிமிடம் செலவழித்து, ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டி, விழுந்த இடத்தில் எந்தக் கட்டளை என்று பாருங்கள். வி என்ற எழுத்தில் தொடங்கும் நீளமான பெயர் என்றால் ஏவிஎக்ஸ் வகை, மேலே சொன்னது சரி. யுடி2 என்று இருந்தால் கதையே வேறு. அது "இந்த இடத்துக்கு நிரல் வரவே கூடாது" என்று கம்பைலரே வேண்டுமென்று வைத்த பொறி. பூஜ்ஜிய பாயின்டரைத் தொடுவது மாதிரி நிரலில் உள்ள வரையறுக்கப்படாத நடத்தையை ஆப்டிமைசர் கண்டுபிடித்திருக்கிறது. மார்ச்சை எவ்வளவு இறக்கினாலும் அது போகாது, சோர்ஸில்தான் திருத்த வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் விடை தப்பாக வருகிறது

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதுதான், விழுகிற நிரல் எவ்வளவோ மேல். முதலில் ஃபிளாக்கில் ஓஃபாஸ்ட் அல்லது ஃபாஸ்ட் மேத் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள், வேறு விசாரணையே வேண்டாம். அது "எண்கள் எப்போதும் ஒழுங்காகவே இருக்கும், NaN (எண் அல்லாத மதிப்பு) என்பதும் முடிவிலி என்பதும் வரவே வராது" என்று கம்பைலருக்கு வாக்குக் கொடுப்பது. அப்புறம் நிரலில் isnan என்று சோதிக்கிற இடத்தையெல்லாம் கம்பைலர் "எப்போதும் இல்லை" என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். கூட்டும் வரிசையை மாற்றும், பிழையைச் சேர்த்துவைத்துத் திருத்துகிற கஹான் கூட்டல் மாதிரி முறைகளைத் தேவையற்றது என்று தூக்கிவிடும். இன்னொன்றும் உண்டு: ஜிசிசி 13க்கு முந்தைய பதிப்புகளில் ஒரே ஒரு ஷேர்டு நூலகத்தை இந்த ஃபிளாக்கோடு லிங்க் செய்திருந்தாலும், அதை லோடு செய்கிற புரோசஸில் மிகச் சிறிய எண்களை பூஜ்ஜியமாக்கும் நிலைக்கு சிபியு மாறிவிடும். பைத்தானில் நம்பை (NumPy என்ற கணக்கு நூலகம்) தப்பாகக் கணக்கிடுகிறது என்று தேடினால் காரணம் சம்பந்தமே இல்லாத ஒரு ஆடியோ நூலகத்தில் இருக்கும். கணக்கு விடை யாருடைய மருந்துக்கோ, கட்டடத்துக்கோ, கூலிக்கோ போகிறது என்றால் இந்த ஃபிளாக் வேண்டவே வேண்டாம்.

ஃபாஸ்ட் மேத் இல்லாமலே ஓ2வில் தப்பு, ஓ0வில் சரி என்றால் நிரலின் பழைய பழக்கங்களைச் சந்தேகியுங்கள். ஸ்ட்ரிக்ட் அலையாஸிங்கை அணைத்து ஒரு தடவை, எஃப்-ராப்-வி போட்டு ஒரு தடவை கட்டிப் பாருங்கள். முதலாவதில் சரியானால் ஒரு வகை பாயின்டரை இன்னொரு வகையாக நடிக்கவைத்திருக்கிறார்கள், இரண்டாவதில் சரியானால் முழு எண் நிரம்பி வழிவதை நம்பி எழுதியிருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னலே அலையாஸிங் விதியை அணைத்துத்தான் கட்டப்படுகிறது, அதனால் அந்த ஃபிளாக்கோடு வாழ்வதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டிலும் பிடிபடாவிட்டால் பாதிப் பாதியாகப் பிரிக்கும் முறை இருக்கிறது. ஓ0வில் சரியாக ஓடுகிற பில்டு ஒரு ஃபோல்டரில், தப்பாக ஓடுகிற பில்டு இன்னொன்றில். ஆப்ஜெக்ட் கோப்புகளில் பாதியை இங்கிருந்தும் பாதியை அங்கிருந்தும் எடுத்து லிங்க் செய்து ஓட்டுங்கள். தப்பு எந்தப் பாதியோடு போகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். ஆயிரம் கோப்பு இருந்தாலும் பத்து சுற்றில் ஒரு கோப்புக்கு வந்துவிடலாம். எல்டிஓ அணைத்திருந்தால்தான் இது வேலை செய்யும்.

ஃபிளாக் போட்டேன், ஏறவே இல்லை. அல்லது ஏறியது, வேகம் கூடவில்லை

ஏறியதா என்பதை வெர்போஸ் வெளியீட்டில்தான் பார்க்க வேண்டும். ஒரே வரியில் இரண்டு ஓ இருந்தால் கடைசியில் வருவதுதான் செல்லும். சிமேக்கில் ரிலீஸ் வகை என்றால் அது உங்கள் ஃபிளாக்குக்குப் பின்னால் ஓ3 சேர்க்கும், நீங்கள் கொடுத்த ஓ2 தோற்றுவிடும். பில்டு வகையே கொடுக்காவிட்டால் சிமேக் எந்த ஓவும் சேர்க்காது, மெசான் (சிமேக் மாதிரி இன்னொரு கருவி) டீபக் முறையில் கட்டும், "சோர்ஸில் கட்டினால் டிஸ்ட்ரோ பேக்கேஜைவிட மெதுவாக இருக்கிறதே" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மேக் கட்டளைக்குப் பக்கத்திலேயே சிஃபிளாக்ஸ் கொடுப்பதைத் தவிருங்கள், மேக்ஃபைல் தனக்காக வைத்திருந்த ஃபிளாக் எல்லாம் அதில் அழிந்துபோகும், பிறகு "எஃப்-பிக் போட்டுத் திரும்பக் கம்பைல் செய்" என்று லிங்கர் கத்தும். கன்ஃபிகர் கட்டத்திலேயே கொடுங்கள்.

சரியாக ஏறியும் வேகம் கூடவில்லை என்றால் அந்த பேக்கேஜில் கூட்டுவதற்கு இடமே இல்லாமல் இருக்கலாம். எஃப்எஃப்எம்பெக், ஓபன்எஸ்எஸ்எல் இரண்டிலும் அதிகம் ஓடும் பகுதிகள் கையால் எழுதிய அசெம்பிளியில் இருக்கின்றன, ஓடும்போதே சிபியுவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், ஓபன்பிளாஸும் அப்படியே கட்டிக்கொள்ளலாம். அங்கே உங்கள் மார்ச் நேட்டிவுக்கு வேலை குறைவு. பைத்தானை எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் தேர்வோடு கட்டினால், முதலில் ஓட்டிப் பார்த்து எந்தப் பாதை அதிகம் ஓடுகிறது என்று கற்றுக்கொண்டு திரும்பக் கட்டும், கட்ட நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் பலன் ஓ3ஐவிடத் தெளிவாகத் தெரியும். ஓ3 சில இடத்தில் பைனரியின் அளவைப் பெருக்கி, சின்ன கேஷ் உள்ள பழைய சிபியுவில் வேகத்தைக் குறைக்கவும் செய்யும். ஜிசிசி 12 முதல் ஓ2விலேயே ஓரளவு வெக்டரைசேஷன் (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுவது) உண்டு என்பதால் ஓ3க்கான காரணம் இன்னும் குறைந்துவிட்டது.

அளக்கும்போது ஒரே உள்ளீட்டை வைத்து, பிளக்கில் போட்டபடி, மெஷின் ஆறிய பிறகு, இரண்டு பைனரியையும் மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுங்கள். காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் அளந்தால் நீங்கள் அளப்பது வெயிலைத்தான். ஜென்டூ (பெரும்பாலும் சோர்ஸிலிருந்து கட்டும் டிஸ்ட்ரோ) பயன்படுத்துகிறவர்கள் பொதுவான ஃபிளாக்கை ஓ2, மார்ச் நேட்டிவ், பைப் என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டு, தினமும் மணிக்கணக்கில் ஓட்டுகிற இரண்டு மூன்று பேக்கேஜுக்கு மட்டும் பேக்கேஜ்.என்வ் கோப்பு வழியாகத் தனி ஃபிளாக் வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே எதற்காகப் போட்டது, எவ்வளவு கூடியது என்று ஒரு குறிப்பும் எழுதுங்கள். ஜிசிசியின் அடுத்த பெரிய பதிப்பு வரும்போது அதை எடுத்துவிடலாமா என்று அந்தக் குறிப்பை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.